இருபத்திரண்டு மூடைச் சத்தியம்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் வீட்டுத் தகரங்களில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய் மூன்று வளவு தள்ளி ஒரு முருங்கை மரத்தில் மாட்டிவிட்டுப் போனது. உயிர் போனவர்கள் ஊரில் இருந்தார்கள், அவர்களை வைத்து நான் பகிடி பண்ணவில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில், தகரத்தை எடுத்து வந்து ஆணி அடித்ததோடு காற்றின் கணக்கு முடிந்தது. எங்கள் குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தது அதற்குப் பிறகு அரசாங்கம் வயல்காரர்களுக்குக் கொடுத்த நட்டஈடுதான்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். கல்முனைப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் வயலையும் பெண்ணின் பெயருக்கே எழுதுவார்கள். மாப்பிள்ளை ஒரு இரும்புப் பெட்டியும் இரண்டு சாரனுமாக வந்து சேருவார். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போவதும் அவர்தான். இப்படி எல்லாம் பெண்ணுக்குச் சொந்தமாக இருந்தும், வயலில் எவ்வளவு விளைந்தது என்ற சங்கதி மட்டும் அவளுக்குச் சொந்தமில்லை. சூடடித்து நெல் அளக்கும் களவெட்டிக்குள் பெண் கால் வைத்தால் பறக்கத், அதாவது நெல்லைப் பெருக்கும் அருள், போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே புருஷன் வீட்டுக்கு வந்து கால் கழுவி, தேத்தண்ணி குடித்து, வாயால் எதைச் சொல்கிறாரோ அதுதான் விளைச்சல். யார் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று கேட்டால் எல்லாரும், பெரியவர்கள்தான் போட்டது என்பார்கள். அந்தப் பெரியவர்கள் எல்லாரும் ஆண்கள்.

எனக்கு வாப்பா தந்தது சாகாமம் பக்கத்தில் ஐந்து ஏக்கர். தன் புடவைக் கடைப் பங்கை விற்று வாங்கித் தந்தார். என் பெயரில் இருந்த அந்த வயலை நான் கலியாணம் முடித்த நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், அதுவும் ஒரு கந்தூரிக்குப் போகிற வழியில் வண்டிலில் இருந்தபடி. ஒவ்வொரு பெரும்போக அறுவடை முடிவிலும் என் புருஷன் வருவார், ஏக்கருக்குப் பதினைந்து மூடை என்பார், அல்ஹம்துலில்லாஹ் என்பார். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்பேன். ஒரு வருஷம் மழை கூடியது, பதினைந்து. மறுவருஷம் மழை குறைந்தது, அப்போதும் பதினைந்து. அரக்கொட்டியான் பூச்சி அடித்த வருஷம் பதினாலு என்றார். அந்த ஒரு மூடை குறைந்ததில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை இன்னும் கூடியது.

சூறாவளி வந்தபோது பயிர் முழங்கால் உயரம். வெள்ளம் வடிந்ததும் பார்த்தால் வயலுக்கு மேல் ஆற்று மணல் கிடந்ததாம். பார்த்து வந்தவர் என் புருஷன். தின்னும் சோறு இறங்காமல் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள், ஊரில் நெல் வாங்கும் முதலாளி ஒருவர் வீடு தேடி வந்து, வயலை ஈடு வைத்தால் மணல் அள்ளவும் விதைக்கவும் காசு தருவதாகச் சொன்னார். அவரிடம் ஈட்டுக்குப் போன வயல் ஒன்றுகூட உரியவளிடம் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. என் வயலும் அப்படித்தான் போகப் போகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் நட்டஈட்டு அறிவித்தல் வந்தது. வயல் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் செய்கை பண்ணுகிறவரும் சேர்ந்து அரசாங்கக் கந்தோருக்கு வர வேண்டும். வழமையாக எவ்வளவு விளையும் என்பதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இந்த விதியை எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவராக இருக்க வேண்டும். வயல் யார் பெயரில்? மனைவிமார் பெயரில். விளைச்சல் யாருக்குத் தெரியும்? புருஷன்மாருக்கு. இரண்டு பேரையும் ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, விளைச்சல் எவ்வளவு என்று கேட்கப்போகிறார்கள். ஒரு ஊரில் இருந்த அத்தனை புருஷன்மாருக்கும் ஒரே நாளில் தலையிடி வந்ததை நான் அப்போதுதான் கண்டேன். நீ ஏன் வெயிலில் வருகிறாய், கடுதாசியில் கையெழுத்து வைத்துத் தா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் புருஷனும் சொன்னார். என் மேல் அவ்வளவு கரிசனை என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கந்தோர் முற்றத்தில் குடைகளும் முக்காடுகளுமாகப் பெண்கள் கூட்டம். உள்ளே மேசையில் இருந்த அதிகாரி வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், சின்ன வயது, கலியாணம் ஆகாதவர். கலியாணம் ஆனவராக இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவ்வளவு உரத்துக் கேட்டிருக்கமாட்டார். எல்லாரும் விளைச்சலைக் கூட்டிச் சொல்லுவார்கள் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதற்கு, அவர் பக்கத்தில் இருந்த எங்களூர்க் கிளாக்கர் ஒரு யோசனை சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கட ஆக்கள் வல்லாஹி என்று அல்லாவின் பேரில் சத்தியம் பண்ணினால் பொய் சொல்லமாட்டார்கள், ஆகவே சத்தியம் வாங்கிக்கொண்டு எழுதுங்கள் என்று. அந்தக் கிளாக்கருக்கும் சீதன வயல் இருந்தது. அவர் தன் முறை வரும் என்பதை யோசிக்கவில்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற மனிதர் நல்ல ஆகிருதியானவர், பள்ளியில் பாங்கு சொன்னால் அடுத்த ஊருக்குக் கேட்கும். அவர் சத்தியத்தைப் பண்ணிவிட்டு விளைச்சலைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. அதிகாரி கேட்கவில்லை என்றார். மனிதர் மேசைக்கு மேல் குனிந்து காதோடு சொன்னார். அதிகாரி நிமிர்ந்து, கிளாக்கருக்குக் கேட்கட்டும் என்று, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரித் திருப்பிச் சொன்னார். ஏக்கருக்கு இருபது. பக்கத்தில் நின்ற மனைவி, கையெழுத்து வைக்கக் குனிந்தவள், அப்படியே நிமிர்ந்து, அப்ப மிச்சம் எங்க போச்சு என்று கேட்டாள். அதிகாரி, அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கிறாள் என்று நினைத்து, மிச்சம் இரண்டாம் கட்டத்தில் வரும் என்று பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் முறை. என் புருஷனின் கழுத்தில் வேர்வை ஓடியது. மணல் மூடிய வயலும் ஈடு கேட்ட முதலாளியும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் வல்லாஹி என்றார்.

“இருவத்திரெண்டு,” என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து, “நீங்கள்தானே காணிக்காரி. சரிதானோ, சொல்லுங்கோ,” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே குடையால் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால் வயல் முதலாளிக்குப் போகும். ஓம், சரி என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். என் பெயரை அவ்வளவு அழுத்தி நான் எழுதியதே இல்லை, கடுதாசி கிழிந்தது.

வரும்போது பஸ்ஸில் நிறையப் புருஷன் பெண்சாதிகள். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் வந்து முக்காட்டை எடுத்ததும் நான் கேட்டேன்.

“நீங்க எனக்குப் பொய் சொன்னீங்களா, இல்லாட்டி அரசாங்கத்துக்குப் பொய் சொன்னீங்களா? ரெண்டுல ஒண்ட சொல்லுங்க.”

அவர் யோசிக்கவே இல்லை.

“அரசாங்கத்துக்குத்தான். உன்ட வயலக் காப்பாத்தத்தானே சொன்ன.”

எங்கள் ஊரில் அரசாங்கத்துக்குச் சொல்லும் பொய்யை யாரும் பொய்யாக எடுப்பதில்லை. நானும் எடுத்திருக்கமாட்டேன். ஆனால் அவர் வல்லாஹி சொல்லியிருந்தார். சத்தியம் உண்மையென்றால் நாலு வருஷமாக என் நெல் களவு போயிருக்கிறது. நெல் களவு போகவில்லையென்றால் என் புருஷன் அல்லாவின் பேரில் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறார். இதில் எதை நல்லது என்று நான் எதிர்பார்ப்பது? களவு என்றால், வாப்பா கடைப் பங்கை விற்று வாங்கித் தந்த வயல் என் பெயரில் இருக்கிறதே தவிர என்னுடையதாக இல்லை. என்னை ஒரு மடைச்சியாக வைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அன்று மாலை ஊரில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி கேட்கப்பட்டது. எல்லாப் புருஷன்மாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அரசாங்கத்துக்குத்தான் பொய். அப்படியென்றால் பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் என்ன என்று பெண்கள் பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். லெப்பை கிதாபைப் பார்த்து, பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டும், வசதியில்லாதவன் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சூறாவளிக்குப் பிறகு பத்து ஏழைகளைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை, எல்லாரும் அதில் ஒருவர்தான். சோறு கொடுக்கத்தான் ஒருவரிடமும் இல்லை. ஆகவே நோன்பு.

றமழானுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்க, எங்கள் ஊர் ஆண்கள் கூட்டம் கூட்டமாக நோன்பு பிடித்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் பகலில் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தார். லெப்பையிடம் அவருடைய மனைவி, நீங்களும் கந்தோரில் சத்தியம் பண்ணினீர்களே, உங்களுக்கு நோன்பு இல்லையா என்று கேட்டாளாம். அவர் தொண்டையைச் செருமிவிட்டு மறுநாள் நோன்போடு பள்ளிக்கு வந்தார். எங்களூர்க் கிளாக்கர் நோன்போடு கந்தோருக்குப் போய்க் கொட்டாவி விட்டதையும் சொன்னார்கள். அந்த அதிகாரி, இந்த ஊரவர்களின் பக்தியைப் பற்றித் தன் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார்.

என் புருஷன் மூன்று நோன்பையும் ஒழுங்காகப் பிடித்தார். விடிய முன் சஹருக்கு நான் எழும்பிச் சோறும் மீன் ஆணமும் வைத்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தை கதைக்காமல். பகலில் மணல் அள்ளப் போனார். பின்னேரம் உதடு வெடித்து, கண் குழிவிழுந்து வந்து நின்றார். அந்தக் கோலத்தைக் கண்டு எனக்கு மனம் இளகியது. இப்படி வாடி வதங்குகிற மனிதன் பொய்ச் சத்தியத்துக்காகத்தான் வாடுகிறான் என்று நம்பப் பார்த்தேன். அவரைக் காணும்போது நம்பிக்கை வரும். அரிசி புடைக்கும்போது போய்விடும்.

நட்டஈடு என் பெயருக்குச் செக்காக வந்தது. பெரிய தொகையில்லை, ஆனால் முதலாளியை வாசலோடு திருப்பி அனுப்பப் போதுமாக இருந்தது. மணல் அள்ளி, வரம்பு கட்டி, ஐப்பசியில் விதைத்தார்கள். அந்த வருஷம் மழை அளவோடு பெய்தது. மாசியில் கதிர் தலை சாய்ந்துவிட்டது என்று என் புருஷன் வந்து சொன்னபோது முகத்தில் ஒரு பூரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, சூடடிக்கிற அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன். பூரிப்புப் போய்விட்டது. பறக்கத் போய்விடும் என்றார். ஏற்கெனவே போனது எவ்வளவு என்று பார்க்கத்தான் வருகிறேன் என்றேன்.

உம்மா தடுத்தா. வாப்பா குடையை எடுத்துத் தந்தார். பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போய், அங்கிருந்து வைக்கோல் ஏற்றப் போன ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் குந்திக்கொண்டு வயலுக்குப் போனேன். முக்காடு முழுக்கப் புழுதி. வழியில் கண்டவர்களெல்லாம் யாருக்கோ மவுத்துச் செய்தி கொண்டு போகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

எங்கள் வயலைப் பொறுப்பாகப் பார்க்கும் முல்லைக்காரர் திருக்கோயில் பக்கத்தவர், வயதானவர். என்னைக் கண்டதும் தலைப்பாகையைக் கழற்றி மறுபடியும் கட்டினார். ஒரு வெற்றுச் சாக்கை எடுத்துக் களவெட்டிக்கு வெளியே வரம்பில் விரித்தார்.

“உள்ளுக்கு வராதீங்க தங்கச்சி, இதில இருங்க. இஞ்ச இருந்து பாத்தாலும் மூடை மூடைதானே,” என்றார்.

நான் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். களவெட்டியில் பகிடி பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். நெல்லைத் தூற்றி, அளந்து, சாக்கில் கட்டி அடுக்கினார்கள். என் புருஷன் அன்று தூக்கிய அளவு மூடைகளை அதற்கு முன்னும் பின்னும் அவர் தூக்கியிருக்கமாட்டார். என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வெயில் சாயும்போது எல்லாம் முடிந்தது. ஏக்கருக்கு இருபத்திரண்டு. எல்லாம் போகக் கொஞ்சம் குப்பை நெல்லும் இருந்தது.

மணல் ஏறிய வயலில் முதல் விளைச்சல் இது. அப்படியென்றால் மணல் ஏறாத வருஷங்களில் எவ்வளவு விளைந்திருக்கும் என்பதை நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து வண்டில்கள் வந்தன, மூடைகளை ஏற்றினார்கள். மூன்று வண்டில்கள் கல்முனைப் பக்கம் முகம் வைத்து நின்றன. நாலாவது, முல்லைக்காரர் எல்லாவற்றுக்கும் முதல் ஏற்றி முடித்திருந்த வண்டில், சற்றுத் தள்ளி மற்ற ரோட்டைப் பார்த்து நின்றது. அட்டாளைச்சேனைக்குப் போகிற ரோட்டு அது. அங்கேதான் என் மாமி வீடு, என் புருஷனின் உம்மா வீடு.

இந்த வண்டில் எங்கே போகிறது என்று கேட்டேன். என் புருஷன் சாக்கு ஊசியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். முல்லைக்காரர்தான் சொன்னார்.

“வழமையாப் போற இடத்துக்குத்தான் தங்கச்சி.”

ஆக, என் புருஷன் அரசாங்கத்துக்கும் அல்லாவுக்கும் உண்மை பேசியிருக்கிறார். பொய் எனக்கு மட்டும்தான். அதை மறைக்க, பண்ணாத பாவத்துக்கு மூன்று நோன்பு பிடித்து, நான் வைத்துக் கொடுத்த சோற்றைத் தின்று, உதடு வெடித்து நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்துவிட்டது. அத்தனை ஆண்களுக்கு முன்னால், வரம்பில் இருந்து, குடைக்குள் அழுதேன்.

அவர் வந்து பக்கத்தில் குந்தினார். தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டியது காக்காதான், அதை முடிக்காமல் நான் கலியாணம் முடித்துவிட்டேன் என்றார். உன்ட வாப்பா அவசரப்படுத்தினார், எனக்கும் ஆசையாக இருந்தது. வீடில்லாத பொம்பிளையை யார் கட்டுவான். உன்னிடம் கேட்க வெட்கம். இதையெல்லாம் நெல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் எழுந்து போய் அந்த நாலாவது வண்டிலில், மூடைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுகிறவனிடம், வழமையாகப் போகிற இடத்துக்கு விடு என்றேன். என் புருஷன் கூட வரப் பார்த்தார், வேண்டாம் என்றேன். மாமியின் வாசலில் வைத்துக் கதைக்க வேண்டியவற்றை வழி முழுக்க நாக்கில் தீட்டிக்கொண்டு போனேன். களவு என்ற சொல்லை மட்டும் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

மாமியின் வளவுக்குள் அந்தப் புது வீடு சுவரோடு நின்றது. சூறாவளி அதன் கூரை மரங்களைத் தள்ளிவிட்டிருந்தது. கூரையில்லாத அறைக்குள் அவருடைய தங்கை பாயில் இருந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் எழுந்து சுவருக்குப் பின்னால் போய்விட்டாள். நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். செங்கல், சுண்ணாம்பு, உள்ளறைக்கு மூன்று ஜன்னல். அச்சொட்டாக என்னுடைய வீட்டுச் சுவர். என் வீட்டைக் கட்டியவர்கள் என் இரண்டு காக்காமார். இரண்டு பேருக்கும் எனக்கு முதலே கலியாணம் முடிந்திருந்தது. இரண்டு பேரும் செய்கை பண்ணியது பெண்சாதியின் சீதன வயல். அந்தச் செங்கல்லுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் மதினிமார் இரண்டு பேரும் களவெட்டிப் பக்கம் போனதுமில்லை.

மாமி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. வண்டிலைப் பார்த்தா, மூடைக்கு மேல் என்னைப் பார்த்தா, முகம் வெளுத்துவிட்டது.

“நீ என்னத்துக்கு மகள் வந்த?” என்று கேட்டா.

தீட்டிக்கொண்டு வந்த சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

“என்ட வயல் நெல்லு மாமி. நான் கொண்டு வராம ஆர் கொண்டு வாற?” என்றேன். “வீட்டுக்குக் கூரையப் போடுங்க. இனி எவ்வளவு தேவ எண்டு என்னட்டக் கேளுங்க, மகனிட்டக் கேக்க வேணாம்.”

மாமி போய் விளக்குமாற்றை எடுத்து மூடை இறக்குவதற்கு இடம் கூட்டினா. நான் கீழே இறங்கி நின்று, ஒவ்வொரு மூடையாக எண்ணி இறக்கச் சொன்னேன். நாலு வருஷமாக என் வயலில் இருந்து நெல் போன வீட்டுக்கு, அன்றைக்குத்தான் நான் நெல் கொடுத்தேன்.